சவம் போய் அலர்ஜி வந்தது

எங்கள் ஆச்சிக்குப் பிடிக்காத எந்தப் பொருளும் உயிரோடு இருந்ததில்லை. வார் அறுந்த செருப்பு, சவம். பாதி வழியில் நின்றுபோன பஸ், சவம். உறை ஊற்றியும் தோயாத பால், சவம். "அந்தச் சவத்தைத் தூக்கி அங்கிட்டுப் போடு" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தால் அது தேய்ந்துபோன வாரியலாகவும் இருக்கலாம், தாத்தாவின் மூக்குப்பொடி டப்பாவாகவும் இருக்கலாம். விடாமல் பெய்தால் எளவு மழை. பெய்யாவிட்டால் எளவு வெயில். சித்தப்பா டவுனிலிருந்து வாங்கிவந்து சுவரில் மாட்டிய காலண்டரில் நடிகை சிரித்தால், கருமம். பொழுது சாய்ந்த பிறகும் வாய்க்கால் கரையில் திரிந்துவிட்டு வரும் பேரன், சவத்து மூதி.

அந்தப் பேரன் நான்தான். "சவத்து மூதி, சோத்தத் தின்னுட்டு வெளாடப் போல" என்று அவள் கூப்பிட்டால் அதற்குப் பொருள், நெய் ஊற்றிப் பிசைந்து வைத்திருக்கிறேன், ஆறிப்போவதற்குள் வா என்பதுதான். வெறுப்பைச் சொல்ல வந்த சொற்களை அவள் புழங்கிப் புழங்கி முனை மழுங்க வைத்திருந்தாள். நிஜமாகவே கோபம் வந்தால் பேச்சே நின்றுவிடும். வீடே அதற்குத்தான் பயந்தது.

திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சவம் என்பது வடமொழியிலிருந்து வந்த பிணம். எளவு என்பது இழவு. இழத்தலில் பிறந்த சாவு. கருமம் வடமொழியில் வெறும் செயல்தான். தமிழில் அது பாடைக்குப் பின்னால் நடந்து, பதினாறாம் நாள் கருமாதி வரை போய்த் திரும்பியதால் அந்த வாடை ஒட்டிக்கொண்டது. மூதி மட்டும் கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தவள். மூத்த தேவி, மூதேவி. வள்ளுவர் தவ்வை என்று சொன்னவள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சிலையாக இருப்பவள். பல்லவ ராஜா கல்லில் வைத்தவளை எங்கள் ஆச்சி குளிக்காத பேரனுக்குப் பெயராக வைத்தாள்.

ஆக, அன்றைக்கு அருவருப்புக்கு வேண்டிய சொற்களெல்லாம் எங்களுக்குச் சுடுகாட்டிலிருந்து வந்தன. இன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகின்றன. பேத்தி காதில் விழும்படி நான் சவம் என்று சொன்னால் என் மருமகள் முகம் சுளிக்கிறாள். அதே மருமகள், "எனக்கு எங்க அப்பார்ட்மெண்ட் செக்ரட்டரியைக் கண்டாலே அலர்ஜி மாமா" என்று சொல்லும்போது யாரும் சுளிப்பதில்லை, பேத்திகூட. பிணம் பிழைத்தெழுந்து நோயாளி ஆகியிருப்பதை முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் "பிடிக்காது" என்பது பிள்ளைகள் சொல்லக் கூடாத சொல். சொன்னால் ஆச்சி கோபப்பட மாட்டாள். தட்டை எடுத்து மூடி வைப்பாள். "இப்ப பிடிக்காட்டா எந்திரி. ராத்திரி பிடிக்கும்." ராத்திரி பிடிக்கத்தான் செய்தது. தப்பிக்க ஒரே வழி "சேராது" என்ற சான்றிதழ். அதை நாமே எழுதிக்கொள்ள முடியாது. ஆச்சி எழுதித் தர வேண்டும். என் அண்ணனுக்கு அது கிடைத்திருந்தது. "பெரியவனுக்குக் கத்திரிக்கா வைக்காதட்டி, அவனுக்குச் சேராது, கரப்பான் வந்துரும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அண்ணன் இலையில் கத்தரிக்காய் விழாது. எனக்கும் கத்தரிக்காயைக் கண்டால் ஆகாதுதான். ஆனால் என் தோல் ஒத்துழைக்கவில்லை. ஒரு தடிப்புகூட வராமல் வருஷக்கணக்காக எண்ணெய்க் கத்தரிக்காய் தின்றேன்.

கரப்பான் என்றால் தோலில் வரும் சொறி, சிரங்கு, தடிப்பு வகையறா. கரப்பான் பண்டம் என்று ஆச்சி ஒரு பட்டியல் வைத்திருந்தாள்: கத்தரிக்காய், கருவாடு, வாழைக்காய், சோளம். காரணம் தெரியாமல் உடம்பெல்லாம் தடித்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர், காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது. எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிட நேர்மையான நோய்ப்பெயர் கிடையாது: என்ன கடித்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆனால் கடித்திருக்கிறது. கறுப்புக் கம்பளியால் தேய்ப்பார்கள். வெற்றிலையில் மிளகை மடித்து மெல்லச் சொல்வார்கள். வேப்பங்குழையால் தடவுவார்கள். சில மணி நேரத்தில் தடிப்பு அமுங்கிவிடும். ஒன்றும் செய்யாவிட்டாலும் அந்த வகைத் தடிப்பு பெரும்பாலும் அதே நேரத்தில் அமுங்கிவிடும் என்பதை வெகுகாலம் கழித்து ஒரு தோல் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கம்பளிக்குப் போன புகழ் போனதுதான்.

பெரியவர்களுக்குள் இருந்த வெறுப்புக்கு "ஆகாது" என்று பெயர். "எனக்கும் அவனுக்கும் ஆகாது." கவனியுங்கள், இதில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். தாத்தாவுக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் வாய்க்கால் தண்ணீர் முறையில் ஆகாமல் போனது. இருபக்கமும் அது பதிவான பகை, ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், இழவுக்குப் போவார்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது விதி. இதற்கும் ஒரு மருத்துவப் பெயர் வைத்திருந்தார்கள், பங்காளிக் காய்ச்சல். அடுத்தவன் விளைச்சலைப் பார்த்து வரும் காய்ச்சல். ஆனால் யாரும் "எனக்குப் பங்காளிக் காய்ச்சல்" என்று தன்னைப் பற்றிச் சொன்னதில்லை. எப்போதும் எதிர்வீட்டுக்காரனுக்குத்தான் அது அடித்தது. நோய் என்றால் அன்று அவமானம். அதனால் வெறுப்பின் நோய்ப்பெயர்களை மற்றவர்களுக்கு வைத்தோம். இன்று பாருங்கள், ஒவ்வொருவரும் தன் அலர்ஜியைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.

நடுவில் ஒரு ஈஸ்னோபீலியா காலம் வந்து போனது. எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் இருமியவர்களுக்கெல்லாம் ஈஸ்னோபீலியா. ரத்தத்தில் ஈஸ்னோபில் என்ற அணு கூடியிருக்கிறது என்று சீட்டில் எழுதி வந்தால், அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்கு அது வந்தபோது கரும்பலகை துடைக்கும் வேலை மாணவர்களுக்குப் போனது. உண்மையில் அது நம் பக்கத்து நோய்தான். மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃப்ரீமோட் மோல்லர், பார்ட்டன் என்ற இரண்டு டாக்டர்கள், காசநோய் போலவே தோன்றி காசநோயாக இல்லாத ஓர் இருமலை 1940இல் எழுதி வைத்தார்கள். வெயின்கார்ட்டன் என்பவர் 1943இல் அதற்கு வெப்பமண்டல ஈஸ்னோபீலியா என்று பெயர் வைத்தார். யானைக்கால் புழுவுக்கு உடம்பு காட்டும் அதீத எதிர்ப்பு அது என்பது பின்னால் தெரிந்தது. யானைக்கால் மாத்திரையே அதற்கும் மருந்து. ஆனால் எங்கள் ஊரில் மாமியார் வீட்டுக்குப் போக விருப்பமில்லாத மாப்பிள்ளைகளுக்கும் ஈஸ்னோபீலியா இருந்தது. அவர்கள் எந்த மாத்திரைக்கும் குணமாகவில்லை.

அந்தச் சொல் நீளம். வாயில் சிக்கும். அலர்ஜி மூன்றரை மாத்திரையில் முடிகிறது, அதுவும் அவில் மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்தவருக்குக்கூடச் சொல்ல வரும். ஊர் டாக்டரும் கம்பவுண்டரும் சொல்லிக்கொண்டிருந்த சொல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆபீசுக்குப் போய்விட்டது. மேலதிகாரி அலர்ஜி. திங்கட்கிழமை அலர்ஜி. பத்திரிகைகளில் ஒரு கட்சித் தலைவருக்கு இன்னொரு தலைவர் பெயரே அலர்ஜி. பக்திப் படம் அலர்ஜி, சோகப் படம் அலர்ஜி, உப்புமா அலர்ஜி. கிண்ணத்தில் எதை வைத்தாலும் "ம்ஹூம்" என்று தலையாட்டும் பிள்ளைக்குப் பதிலாக அதன் அம்மா, "அவனுக்குக் கீரை அலர்ஜி" என்று விருந்தாளியிடம் சொல்கிறாள். ஆச்சி இருந்திருந்தால் தட்டை எடுத்து மூடி வைத்திருப்பாள்.

இந்தச் சொல்லைப் பெற்றவர் வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. ஆண்டு 1906. அப்போது தொண்டை அடைப்பான் போன்ற நோய்களுக்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசியாகப் போடுவார்கள். முதல் ஊசியை அமைதியாக வாங்கிக்கொண்ட குழந்தை, பிறகொரு நாள் அதே சீரத்தைப் போட்டால் வெகு சீக்கிரம் காய்ச்சலும் தடிப்புமாகக் கொந்தளிப்பதை பிர்க்கேயும் அவருடைய நண்பர் பேலா ஷிக்கும் கவனித்தார்கள். ஒரு பொருளை ஒருமுறை சந்தித்த உடம்பு, அடுத்த முறை முன்போல் நடந்துகொள்வதில்லை. இந்த மாறிய நடத்தைக்கு பிர்க்கே கிரேக்கத்திலிருந்து வேறு, செயல் என்ற பொருளுள்ள இரண்டு துண்டுகளை எடுத்து ஒட்டி ஒரு பெயர் செய்தார். அவர் கணக்கில் அது நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்ட உடம்பு நோயை எதிர்த்து நிற்பதும் அந்த மாறுதலில் அடக்கம். சொல் வெளியே போனதும் ஊர் அதில் கெட்டதை மட்டும் வைத்துக்கொண்டது. பிறகு அந்தக் கெட்டதிலும் உடம்பை உதிர்த்துவிட்டு மனசை மட்டும் வைத்துக்கொண்டது. பிர்க்கே திங்கட்கிழமையைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

பிர்க்கேக்குப் பிறகு அறுபது ஆண்டு கழித்துத்தான் உள்ளே நடக்கும் காரியம் பிடிபட்டது. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே தேடி, 1960களின் பிற்பாதியில் அந்தக் குற்றவாளிப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஐஜிஇ என்று அதற்குப் பெயர். நடப்பது இதுதான். இறாலோ கடலையோ மகரந்தமோ முதன்முதலாக உள்ளே வரும்போது ஒன்றும் ஆகாது. உடம்பு பேசாமல் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பொருளுக்கென்றே ஐஜிஇ செய்து, மாஸ்ட் செல் என்ற அணுக்களின் மேல் நட்டு வைக்கும். அடுத்த முறை அதே ஆள் வாசலில் வந்தவுடன் அந்த அணுக்கள் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். தும்மல், அரிப்பு, தடிப்பு, வீக்கம் எல்லாம் அந்தக் கொட்டலின் விளைவு. எங்கள் ஊர்ப் பங்காளிப் பகையும் இப்படித்தான்: அறிமுகம் இல்லாதவனிடம் வராது, முதல் நாள் தெரியாது, பல வருஷம் கழித்து ஒரு பிடி மண்ணுக்கு வெடிக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மருத்துவக் கணக்குப்படி அலர்ஜி என்றால் வந்த பொருள் தீங்கில்லாதது. பக்கத்தில் இருக்கும் நூறு பேர் அதைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுவார்கள். கோளாறு, அதை எதிரி என்று தவறாக எண்ணிக்கொண்ட உடம்பில்தான் இருக்கிறது. அப்படியானால், "எனக்கு அந்த மேனேஜரைக் கண்டாலே அலர்ஜி" என்று ஒருவர் சொல்வதன் நேர்பொருள்: அந்த மேனேஜர் நிரபராதி, எல்லாருக்கும் அவரால் நன்மைதான், எனக்குத்தான் உள்ளே ஏதோ சரியில்லை. மேனேஜரைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு அவருக்கு நற்சான்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஆச்சியின் "சவம்" இந்தக் குழப்பத்தில் சிக்கவே சிக்காது.

ஆச்சி நல்லவள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அவளுடைய அருவருப்பில் மழுங்காத முனை ஒன்று இருந்தது, அதற்குத் தீட்டு என்று பெயர். வயல் வேலை முடித்துக் கொல்லைப்பக்கம் வந்து நிற்பவர்களுக்குத் தண்ணீரைக் குவிந்த கைகளில்தான் ஊற்றினாள். கஞ்சி சிரட்டையில் போகும். அவர்கள் போன பிறகு நின்ற இடத்தில் சாணி தெளிப்பாள். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து 1950இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அது எழுபதுகளிலும் வந்து சேரவில்லை. ஆச்சியிடம் காரணம் கேட்டால் ஒரு காரணமும் சொல்ல மாட்டாள். "அது அப்படித்தான்." கொடுமையை ஒளித்துச் செய்ய வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. தோன்றுவதற்கு அவசியமும் இருந்ததில்லை, அதுதான் அந்தக் காலம்.

இப்போது அவசியம் வந்துவிட்டது. அதனால் சொல்லும் வந்துவிட்டது. என் தங்கை மகன் சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது நானும் கூடப் போனேன். மாடிப் போர்ஷன், நல்ல காற்று, பக்கத்தில் மெட்ரோ. வீட்டுக்காரர் மிகவும் மரியாதையானவர். மோர் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைச்சுக்காதீங்க சார், எங்க வீட்ல அவங்களுக்கு மீன் வாடை அலர்ஜி. டாக்டரே சொல்லியிருக்கார்" என்றார். மீன் சமைக்கிற ஆவியில் மூச்சுத்திணறும் ஆட்கள் நிஜமாகவே உண்டு; அதனால் நானும் தலையாட்டினேன். தங்கை மகன், "நாங்க மீன் சமைக்கிறதே இல்லைங்க, எனக்குத் தயிர்சாதம் போதும்" என்றான். வீட்டுக்காரர் சந்தோஷப்படவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டார். அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். கடைசியில் குலதெய்வம் யார் என்று கேட்டார். குலதெய்வத்தின் பெயர் மூக்கில் ஏறித் தும்மல் வரும் என்று எந்த டாக்டர் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மோர் நன்றாக இருந்தது. வீடு கிடைக்கவில்லை.

ஆச்சி செய்ததும் அவர் செய்ததும் ஒன்றுதான். ஆச்சியை எதிர்த்துப் பேசலாம். அம்மா பின்னாளில் பேசினாள். கொல்லைக்கு டம்ளர் எடுத்துக்கொண்டு போனாள், ஆச்சி பேச்சை நிறுத்திக்கொண்டாள், கொஞ்ச நாளில் டம்ளர் கொல்லையிலேயே நிலைத்தது, பிறகு அடுக்களைக்குள் வந்தது. இந்த வீட்டுக்காரரை என்ன சொல்லி எதிர்ப்பது? மருந்துச்சீட்டோடு நிற்கிறவரிடம் நியாயம் பேச முடியுமா? சட்டம் பறித்துக்கொண்ட உரிமையை ஒரு வைத்தியச் சொல் அலுங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டது.

தூசி அலர்ஜிக்கு வருகிறேன். அது இப்போது வாரியலோடு சேர்ந்தே பிறக்கும் நோய். வீட்டைப் பெருக்கச் சொன்னவுடன் பெரும்பாலான இளைஞர்களுக்கு டஸ்ட் அலர்ஜி. பெருக்க வருகிற அம்மாவுக்கு மட்டும் அது வருவதில்லை. வந்தால் சம்பளம் நிற்கும். ஹாலந்தில் லைடன் நகரத்தில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்ற ஆராய்ச்சியாளர்கள் 1964இல், வீட்டுத் தூசியில் தும்மல் வரவைப்பது மண்ணல்ல, அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி என்று காட்டினார்கள். மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழும் ஜீவன். அதற்கு மிகவும் உகந்த இடம் மெத்தையும் தலையணையும். ஆக, வாரியலுக்குப் பயந்து ஓடிப்போய்ப் படுத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் அது கூட்டம் கூட்டமாக இருக்கிறது. நாங்கள் பத்தமடைக்குப் பக்கத்து ஊர், கோரைப்பாயில்தான் வளர்ந்தோம். விடிந்ததும் பாயைச் சுருட்டி நிறுத்த வேண்டும், வாரம் ஒருநாள் வெயிலில் விரிக்க வேண்டும். இதை ஆரோக்கியத்துக்காகச் செய்யவில்லை, பாயைச் சுருட்டினால்தான் நடக்க இடம். காணாக்கடி என்று ஆச்சி சொன்னபோது, தெரியாத ஒரு பூச்சியின் மேல் பழி போட்டாள் என்று நாங்கள் பின்னாளில் சிரித்தோம். லைடன்காரர்களும் கடைசியில் ஒரு பூச்சியின் மேல்தான் போட்டார்கள். அவர்கள் கையில் நுண்ணோக்கி இருந்தது, அவ்வளவுதான்.

அதே தங்கை மகன் ஒருநாள் முறையாகப் பரிசோதனை செய்துகொண்டான். முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் நுனி ஊசியால் லேசாகக் குத்தி, கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். கொசுக்கடி போல் எது தடிக்கிறதோ அது ஆகாது. போகும்போது அவன் வைத்திருந்த பட்டியல் பெரியது: கத்தரிக்காய், கடலை மாவு, தூசி, ஊதுவத்தி, ஏசி. திரும்பி வரும்போது இரண்டுதான் தேறியது. ஒன்று மெத்தைச் சிற்றுண்ணி. இன்னொன்று கரப்பான்பூச்சி. "ஆச்சி அப்பவே கரப்பான்னுதான் சொன்னா" என்று நான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, கத்தரிக்காய் தேறாமல் போன வருத்தம். கத்தரிக்காய் ஒவ்வாமை ஒரு சிலருக்கு நிஜமாகவே உண்டு. இவனுக்கு இல்லை. அன்று இரவு என் தங்கை எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தாள்.

தமிழில் அலர்ஜிக்கு ஒவ்வாமை என்ற நல்ல சொல் அமைந்திருக்கிறது. ஒவ்வுதல் பழைய வினை, பொருந்துதல், நிகராதல். பெருமை அதிகாரத்தில் வள்ளுவரும் அதை எதிர்மறையில் எடுத்தாள்கிறார், ஒன்றுக்கொன்று நிகராகாது என்ற பொருளில். இந்தச் சொல்லில் பொருளும் குற்றவாளியில்லை, உடம்பும் குற்றவாளியில்லை; இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆச்சியின் "சேராது" படித்துப் பட்டம் வாங்கினால் ஒவ்வாமை. ஆனால் அந்தச் சொல்லையும் சும்மா விடவில்லை. இலக்கியக் கூட்டங்களில் மரபுக்கவிதை ஒவ்வாமை, புதுக்கவிதை ஒவ்வாமை, சக எழுத்தாளர் ஒவ்வாமை எல்லாம் அமோகமாக நடமாடுகின்றன. இளையவர்கள் அலர்ஜியையும் பழசாக்கிவிட்டார்கள். பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கு நாம் பாடினால் க்ரிஞ்ச், கண்டித்தால் டாக்ஸிக். டாக்ஸிக் என்றால் நஞ்சு. ஆஸ்பத்திரியிலிருந்து சொல் திரும்பவும் சுடுகாட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருக்கிறதோ என்னவோ.

சிரிப்பு தீர்ந்துபோகிற இடம் ஒன்று உண்டு. என் மைனிக்கு முந்திரி ஆகாது. இது மருமகளின் செக்ரட்டரி போன்ற ஆகாமை இல்லை. தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் ஆகாமை. போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் மைனி பரிமாறுகிறவரிடம், "குருமாவுல முந்திரி அரைச்சு விட்டிருக்கா தம்பி?" என்று கேட்டாள். "முந்திரி போடாமலாம்மா? நல்லாவே போட்டிருக்கு" என்று அவர் பெருமையோடு இன்னொரு கரண்டி ஊற்ற வந்தார். மைனி இலையைக் கையால் மறைத்து, "எனக்கு முந்திரி அலர்ஜி" என்றாள். அடுத்த இலையில் இருந்த சொந்தக்கார அம்மாள், "எனக்குக்கூட உப்புமா அலர்ஜிதான் மைனி" என்றாள். வரிசையே சிரித்தது. பெண் வீட்டுக்காரர் ஒருவர் வந்து, "எல்லாம் மனசுதான் மதினி, கொஞ்சம் வாயில போட்டா ஒண்ணும் ஆகாது" என்று இனிப்பைக் கையிலேயே வைத்தார். சபையில் மறுத்தால் மரியாதைக் குறைவு. மேலே பாதாம் சீவல்தானே தெரிகிறது என்று மைனி விள்ளலை வாயில் போட்டாள். உள்ளே முந்திரி விழுது.

உதடு தடித்தது. பிறகு குரல் மாறியது. பிறகு குரலே வரவில்லை. மண்டபத்துக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி இருந்தது நல்ல வேளை. தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். அடங்கியது போல் அடங்கி, சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் கிளம்பக் கூடியது என்பதால் ராத்திரி முழுவதும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். உப்புமா அலர்ஜிக்காரர் மறுநாள் காலையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். அழுதார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தச் சொல்லை எல்லாருமாகச் சேர்ந்து உப்புமாவுக்கும் திங்கட்கிழமைக்கும் செலவழித்து முடித்துவிட்டிருந்தோம். உயிர் போகிற நேரத்தில் மைனி எடுத்துப் பார்க்கையில் பையில் சில்லறைகூட இல்லை.

ஆச்சி காலத்தில் "சேராது" என்ற ஒரு சொல்லுக்குப் பந்தியே கட்டுப்பட்டது. அதற்கு ஆராய்ச்சி கிடையாது, ஐஜிஇ கிடையாது, பாதி நேரம் அது தப்பாகவும் இருந்திருக்கும். ஆனால் யாரும் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு விள்ளலை வாயில் திணித்ததில்லை. நுண்ணோக்கி பார்த்து எழுதிய சொல்லுக்கு இன்று அந்த மதிப்பு இல்லை.

அடுத்த முறை பந்தியில் உங்கள் பக்கத்து இலைக்காரர் கடலையோ முந்திரியோ இறாலோ அலர்ஜி என்று சொன்னால், சிரிக்க வேண்டாம். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு எதெதில் அது சேர்ந்திருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். அவருக்கு உதடு தடித்தாலோ குரல் மாறினாலோ, மோரும் மிளகும் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உப்புமா பிடிக்காதவர்கள் பிடிக்காது என்றே சொல்லிவிடலாம். அதற்காக இப்போது யாரும் தட்டை எடுத்து மூடி வைப்பதில்லை.